மைக்கில் கேட்கும் வயிறு

டப்பிங் பேசுகிறவளுக்குத் தொண்டைதான் எல்லாம் என்பார்கள். எனக்கு வயிறு. தொடரின் நாயகி மூச்சை அடக்கி ரகசியம் சொல்லும் இடமாகப் பார்த்து, தண்ணீர் வருவதற்குமுன் குழாயில் காற்று புரள்வதுபோல என் வயிறு ஒரு சத்தம் போடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், எங்களுக்கெல்லாம் யானைக்காது அண்ணன், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "வசனத்துல இல்லாததையும் சேர்த்துப் பேசுறீங்களேம்மா" என்பார்.

அவர் சிரித்துத்தான் சொல்வார். இயக்குநர்தான் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கடைசிக் காட்சி முழுக்கக் கிசுகிசுப்பு, பின்னணி இசை கிடையாது. "வெள்ளிக்கிழமை எடுப்போம். சரியா வரலைன்னா வேற பொண்ண வெச்சு முடிச்சிடுவேன், தப்பா நினைக்காதீங்க." இத்தனை நாள் என் குரலில் அழுது சிரித்தவள், கடைசி வார்த்தையை இன்னொருத்தி வாயால் சொல்வதா?

உணவு ஆலோசகர் சொன்னபடிதான் எல்லாம் செய்துகொண்டிருந்தேன். சந்தேகப்பட்டவற்றையெல்லாம் முதலில் நிறுத்த வேண்டும். வயிறு அமைதியானபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால், கோதுமை, பருப்பு, வெங்காயம் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. பாலை மட்டும் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன், அன்று மாலையே வயிறு உப்பிக்கொண்டது. பால் குற்றவாளிதான், முடிந்தது. நேரத்துக்குச் சாப்பிட்டேன், மென்று சாப்பிட்டேன், சாப்பிடும்போது பேசுவதையும் விட்டேன். எனக்காக வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல்தான். "வெங்காயம் நறுக்காம அழறதே மறந்துபோச்சு அண்ணி" என்பாள் நாத்தனார்.

வீட்டில் வயிறு சாதுவாகிவிட்டது. ஸ்டுடியோவில் மட்டும் வாயை மூடவில்லை. "பயம்தான்" என்றார்கள் எல்லோரும். நானும் நம்பத் தொடங்கினேன். மைக்கைக் கண்டால் மட்டும் பேசுகிற வயிறு என்றால், கோளாறு மனதில்தானே இருக்க வேண்டும்? இந்த வேலை எனக்கு வேண்டாமென்று எனக்குள்ளேயே ஒருத்தி சொல்கிறாளோ என்று, அவளைத் தேடிக்கூடப் பார்த்தேன். அகப்படவில்லை. எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொண்டை கரகரத்தது. நானும் நாத்தனாரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டே அடுத்த வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தோம். துணிக்குவியல் பாதிகூடக் குறையவில்லை, வயிறு கடமுட என்றது. அவள் தலையணை உறையோடு நிமிர்ந்தாள்.

"அண்ணி, இங்க மைக் ஏது?"

மைக் இல்லை. பயமும் இல்லை. வழக்கமான சாப்பாடுதான். வாயில் மட்டும் காலையிலிருந்து புதினா மிட்டாய் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தது. வேலைப் பையில் எப்போதும் கிடக்கும் மிட்டாய், ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது. அதுவரை வீட்டில் அதைத் தொட்டதே இல்லை.

அப்படியே எழுந்துபோய் ஆலோசகருக்கு போன் செய்தேன்.

"சர்க்கரை இல்லாத மிட்டாயா? அதுல இனிப்புக்குப் போடுறது சிலருக்குக் குடல்ல சரியா செரிக்காது, வாயுவாகிடும். இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"அது தொண்டைக்கு மேடம். சாப்பாட்டுல சேர்த்தியில்லைன்னு..."

"தொண்டைக்கு அப்புறம் அது எங்க போகுதுன்னு நினைச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை பொட்டலங்களின் பொடி எழுத்தைப் படித்திருப்பேன்! இந்த டப்பாவை மருந்து என்றே நினைத்துவிட்டேன்.

உடனே நிறுத்திவிட்டு, வயிறு அடங்கியபின் ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொன்னார். புதன்கிழமை கூடத்தில் எங்கள் சோதனை நடந்தது. வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்த கணவர் டிவியையும் மின்விசிறியையும் நிறுத்தினார். ஸ்டுடியோவில் வாயில் போடும் அளவுக்கு மிட்டாய் தின்றுவிட்டுக் காத்திருந்தேன். வயிறு கத்தக்கூடாதே என்று வேண்டியே பழகியவள், அன்று அது கத்த வேண்டுமே என்று தவித்தேன்.

"பேசித் தொலையேன்" என்று நாத்தனார் என் வயிற்றில் காதை வைத்தாள்.

"மிரட்டாத, கூச்சப்படும்" என்றார் கணவர்.

பேசியது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசியது. கணவர் கைதட்டினார். எனக்குக் கண் கலங்கியது. என் வயிறு பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மிட்டாய்க்குப் பதில் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனேன். பதிவு விளக்கு சிவந்தது. திரையில் நாயகி நாயகனின் காதருகே குனிந்தாள், நானும் மைக்கருகே குனிந்தேன். பேசாமல் மூச்சு மட்டும் விடவேண்டிய இடம் வந்தது. எனக்குள் அவ்வளவு அமைதி. அதற்குள் அவள் துக்கம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. கடைசி வார்த்தையை அவளாகவே சொன்னாள், நான் வாய் மட்டும் கொடுத்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் யானைக்காது அண்ணன் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர்தான் பொத்தானை அமுக்கினார்.

"ஓகே. இன்னொரு டேக் வேண்டாம்."

"என்னம்மா, உள்ள இருந்தவருக்கு இன்னைக்கு லீவா?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

வீட்டுக்குப் போகும் வழியில், திரும்பச் சேர்க்க வேண்டியவற்றில் எதை முதலில் தொடலாம் என்று யோசித்தேன். பால் வேண்டாம், அதன் கதை முடிந்தது. கடையில் ஒரே ஒரு வெங்காயம் வாங்கி, பையில் மிட்டாய் டப்பா இருந்த இடத்தில் போட்டுக்கொண்டேன். நாத்தனாரை அழவைக்க வேண்டும்.