பதிப்பாசிரியரின் கடைவாயில் பாக்டீரியா

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். கண்ணால் பார்க்காத எதற்கும் பொருள் எழுதக் கூடாது. எடுத்துக்காட்டு வாக்கியமும் பார்த்த உண்மையாக இருக்க வேண்டும். பெரியவர் என்று எல்லோரும் அழைத்த தலைமைப் பதிப்பாசிரியர் போட்ட சட்டம். ‘எரிமலை’க்குப் போன ஆள் புருவமில்லாமல் திரும்பி வந்து மூன்று வரி எழுதினார். அருமையான மூன்று வரி. ‘பேய்’க்குப் போனவர் இன்னும் வரவில்லை. ஆகவே அந்த அகராதியில் பேய் கிடையாது.

சட்டைப் பையில் எந்நேரமும் சொற்சீட்டுகள் பிதுங்கியதால் சீட்டுக்காரர் என்று பெயரெடுத்தவரின் தலையில் வந்து விழுந்தது ‘பாக்டீரியா’. பத்தொன்பது வருஷம் மாரடித்தபின் முன்பக்கத் தொகுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் முதல் தடவையாக ஏறப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் இந்தச் சொல்லை முடித்தால் ஏறும், இல்லையென்றால் இல்லை. வீட்டம்மாவோ அதற்குள் தன் அக்கா தங்கை நால்வரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

சொல்லின் புழக்கத்தைச் சேகரிப்பதில் சிரமமே இல்லை. குழாய் ரிப்பேர்காரர் சாக்கடை அடைப்புக்குப் பாக்டீரியாதான் காரணம் என்றார். மைத்துனி தன் கைபேசி சூடாவதற்கும் அதையே சொன்னாள். மருந்துக்கடைக்காரர் எது வந்தாலும் அதுதான் என்று சொல்லி மாத்திரையை எடுத்தார். வயிற்றுக்குள் இருந்துகொண்டு நமக்கே ஊழியம் செய்பவையும் அதில் உண்டு என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. புதன்கிழமை சீட்டுக்காரர் எழுதினார்: ‘கண்ணுக்குத் தெரியாத, ஒற்றைச் செல் உயிர். சில நோய் தரும். பல நன்மை செய்யும்.’

பெரியவர் முதல் சொல்லிலேயே சிவப்புப் பேனாவை ஊன்றினார்.

“கண்ணுக்குத் தெரியாதா? அப்ப நீங்க பாக்கலை.”

“பாக்க முடியாதுங்கய்யா. அதுதானே அதோட லட்சணம்.”

“பாத்திருந்தா இந்த வரி பொய். பாக்கலைன்னா இந்தச் சொல்லே நமக்கு வேண்டாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

வியாழக்கிழமை காலை சீட்டுக்காரர் பெரியவரையே மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டால் ‘கண்ணுக்கு’ என்பதற்கு முன்னால் ‘வெறும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தப்பிக்கலாம் என்பது அவர் போட்ட திட்டம். அங்கிருந்த அம்மாள் யாராவது ஒருவருடைய வாய் வேண்டும் என்றார். பெரியவர் முந்திக்கொண்டார். மூன்று வேளையும் பல் துலக்குகிற தன் வாயில் ஒரு மண்ணும் அகப்படாது, இந்தச் சொல்லை இன்றோடு தலைமுழுகிவிடலாம் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து ‘ஆ’வென்று திறந்தார்.

அம்மாள் கடைவாய்ப் பல்லைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சீட்டுக்காரர் முதலில் பார்த்தார். கோலும் மணியும் சுருளுமாக, கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தன. பிறகு பெரியவர் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்தனை பேரும் என்னோடதா?”

“இது ஒரு பல்லுதான் சார்,” என்றார் அம்மாள்.

அலுவலகம் திரும்பியதும் சீட்டுக்காரர் எடுத்துக்காட்டை எழுதினார்: ‘நமது தலைமைப் பதிப்பாசிரியரின் கடைவாய்ப் பல்லில் பாக்டீரியாக்கள் திரளாக வாழ்கின்றன.’

பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், வெள்ளிக்கிழமை காலை ஒரு பக்கக் கன்னம் உப்பிப் பஞ்சைக் கடித்தபடி வந்து சேர்ந்தார். பல்லைப் பிடுங்கிவிட்டாராம். இல்லாத பல்லில் எதுவும் வாழாது, வாக்கியம் பொய், ஆகவே சொல் தள்ளுபடி என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்.

சீட்டுக்காரர் ‘கடைவாய்ப் பல்லில்’ என்பதை அடித்துவிட்டு ‘மிச்சப் பற்களில்’ என்று எழுதினார்.

பஞ்சுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது. “மிச்சத்தைப் பாத்தீங்களா?”

“இன்னும் இல்லைங்கய்யா. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே. கிளம்புங்க, ஒவ்வொண்ணா பாத்துடலாம்.”

பெரியவர் தாடையைத் தடவினார். உள்ளே நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு போவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பார்க்காமலே போட்டார்.

அகராதி அச்சாகி வந்தது. பட்டியலின் அடியில், உள்ளதிலேயே பொடி எழுத்தில், சீட்டுக்காரர் பெயர். வீட்டம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது.