பதினொண்ணாம் நம்பர் கடுதாசி

என் தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே கணக்கு வராது. மத்ததெல்லாம் நல்லா வரும். சீட்டி அடிக்க வரும், அடுத்தவங்க மாதிரி பேசிக் காட்ட வரும், அவன் பண்ணின தப்பையெல்லாம் என் தலையில கட்ட வரும். கணக்கு மட்டும் வராது. அப்படிப்பட்டவனை நம்பி நம்பர் போடற வேலையை ஒப்படைச்சோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்.

நம்பர்னா பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு எழுதற கடுதாசிக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடறது.

சண்டை ஆரம்பிச்சதும் வயசுப் பசங்க பட்டியல் ஒண்ணைச் சுவத்துல ஒட்டினாங்க. அதுல அவன் பேர் இருந்தது, போனான். இருபது வயசு. அப்பா இல்லாத வீடு, அதுக்கப்புறம் அம்மாவும் நானும்தான். அம்மா வீட்டுலேயே பட்டாளத்துச் சட்டைக்குப் பொத்தான் தைக்கறாங்க. கம்பெனிக்காரன் திங்கக்கிழமை மூட்டையா கொண்டு வந்து போடுவான், சனிக்கிழமை எடுத்துக்கிட்டுப் போவான். எனக்கு ரயில்வே ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸ் வேலை. வீட்டுலேர்ந்து பொடிநடையா நடந்தா பத்து நிமிஷம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

முதல் ரெண்டு கடுதாசி ஒழுங்கா வந்தது. மூணாவது எங்கேயோ மாட்டிக்கிட்டு, நாலாவது முந்திக்கிட்டு வந்தது. பிரிச்சா முதல் வரியே இப்படி: ‘அம்மா, கட்டுப் பிரிச்சாச்சு, இப்ப விரலை மடக்க முடியுது.’ என்ன கட்டு? எந்த விரல்? அவ்வளவுதான், அம்மாவுக்குக் கை கால் ஓடல. “கையே போயிருக்கும்டி, நம்மகிட்ட மறைக்கறான்”னு ஒம்பது நாள் சரியா சாப்பிடல. பத்தாவது நாள் மூணாம் கடுதாசி வந்தது. டின் மூடியைத் திறக்கும்போது கிழிச்சுக்கிட்டானாம். ஒரு டின் மூடிக்காக ஒம்பது நாள் பட்டினி.

அன்னிக்குத்தான் அம்மா சட்டம் போட்டாங்க. உறை மேல மூலையில நம்பர் இருக்கணும். வரிசைப்படிதான் பிரிக்கணும். நடுவுல ஒண்ணு வரலைன்னா அது வர்ற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் பொத்தான் டப்பாவுல காத்துக்கிட்டிருக்கணும். தம்பிக்கு எழுதிப் போட்டோம். ‘உத்தரவு மகாராணி’ன்னு பதில் எழுதினான், திமிரு பிடிச்சவன்.

பத்து வரைக்கும் வண்டி ஒழுங்கா ஓடுச்சு. பத்துக்கு அப்புறம் பன்னெண்டு வந்தது.

“பதினொண்ணு எங்கேங்க?”ன்னு அம்மா தபால்காரரைக் கேட்டாங்க. அவர் பையைக் கவுத்துக் காட்டாத குறை. பன்னெண்டு டப்பாவுக்குள்ள போச்சு. ‘பதினொண்ணுல என்ன எழுதினே, திருப்பி எழுது’ன்னு அம்மா சொல்லச் சொல்ல நானும் எழுதிப் போட்டேன். அதுக்குப் பதில் வந்தாலும் டப்பாவுக்குள்ளதானே போகப் போகுதுன்னு எனக்கும் உறைக்கல, அம்மாவுக்கும் உறைக்கல. குடும்பத்துக்கே அறிவு அவ்வளவுதான். பதிமூணு வந்தது, அதுவும் டப்பாவுக்குள்ள.

பதினாலு வந்த அன்னிக்கு நான் கத்தினேன். “இது என்னம்மா பைத்தியக்காரத்தனம்! அவன் மாஞ்சு மாஞ்சு எழுதறான். நீ ஊறுகா போட்டு வெக்கற!”

அம்மா ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னாங்க. “பதினொண்ணுல ஏதோ இருக்குடி. அது என்னன்னு தெரியாம பன்னெண்டைப் பிரிச்சா மறுபடி அந்த ஒம்பது நாள் மாதிரி ஆயிடும். என் உடம்பு தாங்காது. உறை மேல அவன் கையெழுத்து இருக்குல்ல? இருக்கான். எனக்கு அது போதும்.”

பயம். வேற ஒண்ணும் இல்ல, பயம். பிரிச்சா கெட்ட சேதி இருந்துடுமோங்கற பயம். எனக்கும் அது புரிஞ்சது. டப்பாவைப் பிடுங்கி நானே பிரிச்சிருக்கலாம். ஆனா சண்டை போடவும் உடம்புல தெம்பு வேணும்ல? எங்க ஆபீஸ்ல அஞ்சு பேர் பார்த்த வேலை. மூணு பேரைப் பட்டாளம் கொண்டுபோச்சு. மீதி ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முதுகுவலி. எடை போடறது, ஃபாரம் எழுதறது, சணல் கட்டி அரக்கு வெக்கறது எல்லாம் நான்தான். காலையில அஞ்சு மணிக்குப் போனா சாயங்காலம் வீடு வந்து செருப்பைக் கழட்டும்போது, கழட்டினது என் காலா அடுத்தவ காலான்னு தெரியாது.

இதுல பட்டாளத்து வண்டி வேற. வாரத்துக்கு நாலு வண்டி. எங்க ஆபீஸ் தெருப் பக்கம் இருக்கு. அந்தப் பசங்க பிளாட்பாரத்தைத் தாண்டக் கூடாது. அதனால போர்ட்டர் அண்ணனைத் தூது அனுப்புவாங்க. ஒருத்தன் பழைய சட்டையை வீட்டுக்கு அனுப்பணும்பான். ஒருத்தன் கண்ணாடி ஜாடியைத் துணியில சுத்திக் குடுத்துவிடுவான். ஃபாரமும் இருக்காது, கட்டும் இருக்காது. “அக்கா பாத்துக்குவாங்க”ன்னு போர்ட்டர் அண்ணன் சொல்லி வெச்சிருந்தார். நான் ஊருக்கெல்லாம் அக்கா.

ஒரு வியாழக்கிழமை ரெண்டேகால் இருக்கும். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஷட்டரை இறக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வெச்சேன். பின்கதவு தட்டற சத்தம். போர்ட்டர் அண்ணன்தான்.

“அக்கா, பிளாட்பாரத்துல ஒரு பட்டாளத்துப் பையன் உங்களைக் கூப்பிடறான்.”

எனக்கு வந்தது பாருங்க கோவம். “ஏன், அவன் என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா? கூப்பிட்டதும் நான் எழுந்து ஓடணுமா? சோத்துல கை வெச்சுட்டேன், மூணு மணிக்கு மேல வர்றேன்னு சொல்லுண்ணே!”

அண்ணன் சிரிச்சுக்கிட்டே போனார். நானும் சாப்பிட்டு முடிச்சு, மேஜையில கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சேன். மூணு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். யாரும் கூப்பிடல. விட்டது தொல்லைன்னு வேலையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை பதினஞ்சு வந்தது. நான் அரை நாள் லீவுல வீட்டுல இருந்தேன். தபால்காரர் உறையைக் கையில குடுக்காம, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு நின்னார்.

“ஏம்மா, இது பட்டாளத்து முத்திரை இல்லையே. நம்ம வண்டி போற பக்கம் அடுத்த ஸ்டேஷன் இருக்குல்ல, அந்த ஊர் முத்திரை. வெள்ளிக்கிழமை குத்தியிருக்கு.”

அடுத்த ஸ்டேஷனுக்குப் போகணும்னா எங்க ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகணும். வேற தண்டவாளம் கிடையாது.

உள்ளே போய் பொத்தான் டப்பாவைத் தரையில கொட்டினேன். பொத்தானெல்லாம் கட்டிலுக்கு அடியில உருண்டு ஓடுச்சு. அம்மா மடியில சட்டையோட உக்காந்திருந்தாங்க. “என்னடி பண்ற, என்னடி பண்ற”ன்னாங்களே தவிர கையைப் பிடிக்கல. முத்திரையைப் பத்தித் தபால்காரர் சொன்னது அவங்க காதுலயும் விழுந்திருக்கு.

பன்னெண்டைப் பிரிச்சுச் சத்தமா படிச்சேன்.

‘அம்மா, ஆத்தைத் தாண்டும்போது நம்பர் குறிச்சு வெச்ச என் நோட்டு தண்ணியில போயிடுச்சு. கடைசியா எழுதினது பத்தா, பதினொண்ணான்னு ஞாபகம் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு இதுக்குப் பன்னெண்டு போட்டுட்டேன். பதினொண்ணு வரலைன்னா தேடாதீங்க. அப்படி ஒண்ணை நான் எழுதவே இல்லையோ என்னவோ.’

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன். இல்லாத ஒரு கடுதாசிக்காக ரெண்டு மாசமா வாசலைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கோம். அதைச் சொன்ன கடுதாசி எங்க வீட்டுலயே, பொத்தானுக்கு நடுவுல கிடந்திருக்கு.

பதிமூணு: ‘பதினொண்ணைத் தேடாதீங்கன்னு தெளிவா எழுதினேனே, திருப்பியும் கேக்கறீங்க. என் கடுதாசியையெல்லாம் படிக்கறீங்களா, இல்ல அடுப்பு பத்த வெக்கறீங்களா? என் சட்டையில இதுவரைக்கும் ஒரு பொத்தான்கூட அறுந்து விழல. அம்மா தெச்சதாத்தான் இருக்கும்.’ வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம்.

பதினாலு: ‘இந்த மாசம் மூணாவது வியாழக்கிழமை எங்க வண்டி நம்ம ஊர் வழியா போகுது. சண்டை நடக்கற பக்கம்தான் கொண்டு போறாங்க, அதை விடுங்க. ரெண்டு மணி வாக்குல எஞ்சின் மாத்த நிக்குமாம். முக்கால் மணி நேரம் கிடைக்கும். இறங்கலாம், பிளாட்பாரத்தைத் தாண்டக் கூடாது. அம்மா குழாய்கிட்ட நிக்கட்டும். அக்கா உள்ளேதானே இருப்பா, நான் கூப்பிட்டுக்கறேன். ஒண்ணும் கொண்டு வர வேணாம். சும்மா வாங்க, பார்த்துட்டுப் போறேன்.’

மூணாவது வியாழக்கிழமை முந்தாநாள்.

அம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. “பாவி, நான் பாவி. வாசல் வரைக்கும் வந்தவனை என் கையாலயே திருப்பி அனுப்பிட்டேனே.”

அப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இருந்தேனா? “சட்டம் போட்டியே சட்டம்! நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? பத்து நிமிஷ நடை. புள்ள குழாய்கிட்ட நின்னு நின்னு பார்த்திருக்கும். நீ இங்க உக்காந்து பொத்தான் தெச்சுக்கிட்டிருந்திருக்கே!” இன்னும் என்னென்னவோ சொன்னேன். அம்மா எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க.

அந்தக் கோவத்தோடயே பதினஞ்சைக் கிழிச்சேன்.

‘அம்மா, நீங்க வரல. கடுதாசி கிடைச்சிருக்காதுன்னு புரிஞ்சுக்கிட்டேன், கவலைப்படாதீங்க. அக்காவைக் கூப்பிட ஒரு போர்ட்டரை அனுப்பினேன். நான் வர்றதுதான் தெரியுமேன்னு பேர்கூட சொல்லல. பட்டாளத்துப் பையன் கூப்பிடறான்னா போதும், அக்கா விழுந்தடிச்சு ஓடி வருவான்னு நெனச்சேன்.’

அதோட படிக்கறதை நிறுத்திட்டேன்.

அம்மா குனிஞ்ச தலை நிமிரல. “படி. என்ன திட்டியிருந்தாலும் படி. எனக்கு வேணும்”னாங்க.

மடிச்சு வெச்சிருக்கலாம். ‘உடம்பைப் பாத்துக்கோங்கன்னு முடிச்சிருக்கான்’னு ஒரு பொய் சொன்னா தீர்ந்தது. பழி முழுக்க அம்மா தலையிலயே இருந்திருக்கும். அவங்களும் அதைச் சுமந்துக்கிட்டே இருந்திருப்பாங்க. தப்பை என் தலையில கட்டறான்னு தம்பியைக் குறை சொன்னவ நான். எனக்கு அது முடியல. படிச்சேன்.

‘அந்த அண்ணன் திரும்பி வந்து, “சோத்துல கை வெச்சுட்டேன், மூணு மணிக்கு மேல வர்றேன்னு சொல்லுண்ணே”ன்னு அப்படியே அக்கா மாதிரி சொல்லிக் காட்டினார். நான் சிரிச்சுட்டேன். யார்றான்னு பசங்க கேட்டாங்க. எங்க அக்காடான்னேன். அதுக்குள்ள எல்லாரையும் ஏறச் சொல்லிட்டாங்க, ரெண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பிடுச்சு. பரவாயில்ல. உன்னை நேர்ல பார்த்த மாதிரியே இருந்துச்சு அக்கா. திட்டறதைக் குறைச்சுக்காதே.’

தெருவுல எவனோ சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போனான். இப்ப அம்மா என்னைத் திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். திட்டினா நல்லா இருக்கும்னு இருந்தது. நான் பேசின பேச்சுக்குத் துடைப்பத்தால அடிச்சிருக்கலாம்.

மடியில இருந்த சட்டையை ஓரமா வெச்சுட்டு அம்மா கேட்டாங்க. “அன்னிக்குச் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா.”

“சரி”ன்னாங்க. அப்புறம் மெதுவா குனிஞ்சு, கட்டிலுக்கு அடியில ஓடின பொத்தானைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. நான் பக்கத்துல உக்காந்து அழுதேன். இத்தனை மாசமா அழாததெல்லாம் சேர்த்து அழுதேன்.

அன்னிக்கே அவனுக்குப் பதில் எழுதினோம். ஒண்ணையும் மறைக்கல. சட்டம், டப்பா, சோறு எல்லாம் எழுதினோம். இனிமே நம்பர் வேணாம், எது வந்தாலும் வாசல்லயே நின்னு பிரிச்சுடறோம்னு அம்மா எழுதச் சொன்னாங்க. அது போய் நாலு வாரம் ஆகுது. அடுத்தது இன்னும் வரல. தபால்காரர் தெருமுனையிலேயே கையை விரிச்சுக் காட்டிட்டுப் போறார்.

இப்பல்லாம் பின்கதவு தட்டற சத்தம் கேட்டா கையைக்கூட கழுவாம ஓடறேன். நேத்தும் ஓடினேன். யாரோ ஒரு சின்னப் பையன், வண்டி ஜன்னல் வழியா ஒரு பழைய சட்டையைச் சுருட்டி நீட்டினான். கட்டும் இல்ல, ஃபாரமும் இல்ல. விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டு, அவன் சாப்பிட்டானான்னும் கேட்டேன். வண்டி கிளம்பினதும் உள்ளே வந்து நானே ஃபாரம் எழுதிக் கட்டினேன்.