“முடிந்தது” என்று சொன்ன கார்டு

பஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் கூடம் அது. நகராத பொய் பஸ் ஒன்று, அதன் முன்னால் வளைந்த பெரிய திரை. திரையில் ஓடும் தெருவை எட்டு கிராபிக்ஸ் கார்டுகள் ஆளுக்கொரு பட்டையாக வரைந்து தரும். யாருக்கு எவ்வளவு அகலப் பட்டை என்று பங்கு போடுவது அங்கே வேலை பார்க்கும் அவள் எழுதிய புரோகிராம். அதனால் ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் பங்காளி.

வெறும் வானம் கிடைத்த கார்டு சீக்கிரம் முடிக்கும், கடைத்தெருக் கூட்டம் கிடைத்தது திணறும். எட்டும் முடித்தால்தான் படம் திரைக்கு வரும். ஆகவே, இந்தப் படத்தைச் சீக்கிரம் முடித்த கார்டுக்கு அடுத்த படத்தில் கூடுதல் பட்டை. குனியக் குனியக் குட்டும் நியாயம்தான். உலகத்தில் வேறெங்கே வேலையை வேறு மாதிரி பிரிக்கிறார்கள்?

அன்று காலை திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்று மரங்களையும் சிக்னலையும் விழுங்கி, தெரு முழுவதையும் மூடியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிவந்தார்.

“என்னம்மா இது, பட்டப்பகல்ல ராத்திரியாக்கிட்டீங்க?”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். முந்தைய நாள் அப்பாவைக் குளிக்க வைக்கும்போது அக்கா மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பரிசோதனை முடிவு மதியம் வரும் என்றிருந்தார்கள். தம்பி அதற்குள் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டான்.

“சின்னக்கா, பக்கத்து வீட்டுல எத்தனை நேரம் அப்பாவைப் பாத்துப்பாங்க? எனக்கு மீட்டிங் வேற இருக்கு.”

பந்திக்கு முந்தி, வேலைக்குப் பிந்துகிறவன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை மூன்று பிள்ளைகளும் முறைவைத்துப் பார்ப்பது என்றுதான் ஆரம்பித்தார்கள். தம்பியின் முறையில் தினமும் பத்து போன் வரும். அவளுடைய முறையில் லீவுக்குத் திண்டாட்டம். அக்காவைக் கேட்டால் மட்டும், “ஆச்சு, சாப்பிட்டுத் தூங்கறார்” என்று ஒரே வரி. “அக்காவுக்கு இது சுலபமா வருது” என்று முறையை மாற்றிப் போட்டவள் இந்தப் பங்காளிதான். முதலில் தம்பியின் நாட்கள் அக்காவிடம் போயின. பிறகு இவளுடையவையும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கார்டாகச் சோதித்தாள். ஏழாவது செத்துப்போயிருந்தது. ஒரு கோடுகூட வரையவில்லை. ஆனால் வேலை போய்ச் சேர்ந்ததும் “முடிந்தது” என்று மட்டும் உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுடைய புரோகிராம் நேரத்தைப் பார்த்ததே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. எட்டு பேரில் இதுதான் கெட்டிக்காரன் என்று முடிவு கட்டி, மற்றவர்களின் தெருவையும் அதன் தலையில் கட்டிவிட்டது.

மேனேஜர் எட்டிப்பார்த்தார். “சரி பண்ணிடலாமா?”

“அது போயிடுச்சு சார். மத்ததுங்க தலையில பிரிச்சுப் போடணும்.”

அப்போது தம்பியின் அழைப்பு. குரல் மாறியிருந்தது. “அக்காவுக்குக் கேன்சராம். கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சாம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்றாங்க. ரொம்ப நாளாவே வலி இருந்திருக்குமாம். உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதானே சொன்னா.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதியாகிப்போயிருந்தாள். இது ஒரே நாளில் ஆன இளைப்பு இல்லை. வாராவாரம் வீடியோவில் அப்பாவின் முகத்தைத்தான் காட்டச் சொன்னார்களே தவிர, போனைப் பிடித்திருந்த கையை யாரும் பார்க்கவில்லை.

“வேலை நேரத்துல எதுக்குடி ஓடி வந்த? அப்பாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?”

“ஏன்க்கா சொல்லல?” அவளுக்கு அழுகை முட்டியது.

“சொன்னா? அவரை யார்கிட்ட விடுவீங்க?”

ஜன்னலோரம் நின்ற தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவே அவர்களுக்காக மனமிரங்கினாள்.

“விடுங்க. ரெண்டு நாள்ல எந்திரிச்சிடுவேன். நான் பாத்துக்கறேன்.”

“சரிக்கா” என்றான் தம்பி. அவனை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அக்கா “நான் பாத்துக்கறேன்” என்றதும், ஒரு கணம், தன் நெஞ்சிலிருந்தும் பாரம் இறங்கியதை அவள் உணர்ந்தாள்.