தவில் இல்லாத கல்யாணம்

"மேளத்தைப் பத்திக் கவலையே படாதீய, அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம பாபநாசம் கோயில்ல ஒரு கல்யாணத்துக்கு வாசிக்காவ. வந்து கேளுங்க, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. நாலு தவிலு! மண்டபமே அதிரும்" என்றார் நெல்லையப்பன். விஜயஸ்ரீக்கு மாமனாராக வரப்போகிறவர்.

பெண்ணின் அப்பா குற்றாலலிங்கம் தலையாட்டினார். அவர் மனைவி நீலாம்பாள் காபி கொண்டுவந்தாள்.

"வயலின், புல்லாங்குழல்னு வச்சுக்கிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தவில் இல்லாம கல்யாணமா, மைனி? ஊரு சிரிக்கும்லா!"

விஜயஸ்ரீக்குத் தவில் சத்தம் ஆகாது. சில வருஷங்களுக்கு முன் ஆனித் தேரோட்டத்தில் தவில்காரர் பக்கத்தில் நின்றவள், திடீரென்று விழுந்து கைகால் இழுத்துக் கிடந்தாள். சிலருக்குச் சத்தத்தில் வலிப்பு வரும் என்று பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவளை எந்த விசேஷத்துக்கும் அவர்கள் அழைத்துப்போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலாம்பாள் மகளின் காதில் பஞ்சை அடைத்துத் தலைமுடியால் மறைத்தாள். "ஏட்டி, ஒரு மாதிரி இருந்தா என் கையைப் பிடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாதஸ்வரம் வரை ஒன்றுமில்லை. தவில்கள் சேர்ந்ததும் விஜயஸ்ரீயின் நாக்கில் கசப்பு ஊறியது. இடது கைவிரல் தானாகத் துடித்தது. அவள் எழுந்து ஆற்றங்கரைப் படித்துறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் ஒரு படியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை நடராஜ் பின்னாலேயே வந்தான்.

"என்ன செய்யுது?"

"எனக்கு வலிப்பு உண்டு. தவில் கேட்டா வரும். வீட்டுல உங்ககிட்ட மறைச்சிட்டாவ."

அவன் முகம் வெளிறிவிட்டது. "இப்ப வருதா?"

"வருது. படியில உருண்டு தண்ணிக்குள்ள போயிருவேன். பயமா இருக்கு, கிட்ட வாங்க."

அவன் தயங்கியது ஒரு நொடிதான். அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவள் தோளைப் பற்றினான். அடுத்து நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கண் விழித்தபோது அவள் தலை அவன் மடியில் இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் மைனி மறைச்சீய?" என்று கேட்டார் நெல்லையப்பன். பதிலுக்கு நிற்காமல் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள். ஒரு சாயங்காலம் அவர்களுடைய வண்ணார்பேட்டை வீட்டுக்கு நடராஜ் தனியாக வந்தான்.

"அம்மா சரின்னுட்டா. அப்பா இன்னும் முகங்கொடுத்துப் பேசல." பிறகு விஜயஸ்ரீயைப் பார்த்தான். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அன்னைக்கு நீ செத்துட்டேன்னே நெனச்சேன். ஒரு வயலின்காரரப் பாத்துப் பேசிட்டு வந்திருக்கேன். நீயும் வந்து கேளு. உனக்கு ஒத்துக்கிட்டாத்தான் முடிவு பண்ணணும்."

அவள் போய்க் கேட்டாள். உடம்பு சும்மா இருந்தது. ஆனாலும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள்.

ஆவணியில் கல்யாணம். வயலினும் புல்லாங்குழலும் மட்டும். வந்தவர்கள் ஏதேதோ முணுமுணுத்தார்கள். நெல்லையப்பன் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நடராஜ் தாலியை எடுத்ததும் கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்.

விஜயஸ்ரீ கண்களை இறுக மூடிக்கொண்டாள். வயலின் மட்டும் வேகம் எடுத்தது. கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்ட நடராஜின் விரல்கள் சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தன.