தலைகீழாய் நட்ட பூண்டு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று பவுலினைக் கேட்டால் போதும். அப்பேர்ப்பட்டவளுக்கே பிடிபடாத ஒரே விஷயம், மாடி வீட்டு எத்திராஜின் பூண்டு.

எத்திராஜ் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் பூண்டு போடுவார். பனி தொடங்கும்போது நடுவார், வெயில் ஏறும்போது பிடுங்குவார். குண்டுப் பூண்டையெல்லாம் தாளோடு பின்னிச் சமையலறை வாசலில் தொங்கவிட்டு, சுண்டைக்காய் அளவில் இருப்பதை மட்டும் மனைவி முத்தம்மாவிடம் கொடுப்பார். பெரிதை நட்டால்தான் அடுத்த வருஷம் பெரிது வருமாம்.

"நல்லதெல்லாம் டப்பாவுக்கு, பொடிசெல்லாம் பொண்டாட்டிக்கு! இந்த மனுஷன் பூண்டுக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்று பவுலின் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

தொண்ணூற்றாறில், நடவுக்குச் சற்று முன்பு எத்திராஜ் தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஜோலார்பேட்டை போயிருந்தார். அந்த வாரம் பவுலினின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பால் ஊறப் பூண்டு வேண்டும். முத்தம்மா தொங்கிய சரத்தை அப்படியே அவிழ்த்து வந்து கொடுத்தாள்.

"பச்ச உடம்புக்காரிக்கு இல்லாத பூண்டு மண்ணுக்கு எதுக்குக்கா?"

பவுலின் வீட்டுக் குழம்பு தெருமுனை வரை மணந்தது. கடைசியில் ஒரே ஒரு முழுப்பூண்டு மிஞ்சியிருந்தபோது முத்தம்மா வெளிறிப்போய் வந்து நின்றாள்.

"நாளைக்கு வர்றாருக்கா. வருஷக்கணக்கா பெருக்கின விதை. இந்த ரகம் எந்த மார்க்கெட்லயும் கெடைக்கலன்னு அவர் சொன்னது இப்பதான் ஞாபகம் வருது."

"ஒண்ணு இருக்கே, விடு. நான் பாத்துக்கறேன்" என்றாள் பவுலின்.

குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர அவள் வாழ்க்கையில் விவசாயம் எதுவும் நடந்ததில்லை. பூண்டை உடைத்துப் பல்லைத் திருப்பிப் பார்த்தாள். கேரட்டுக்குக் கூர் கீழேதானே? மாடிக்குப் போய், எத்திராஜின் டப்பா மண்ணில் ஆணி அடிப்பதுபோல் ஒவ்வொன்றையும் கூர் கீழாகச் செருகினாள்.

ஊரிலிருந்து வந்த எத்திராஜிடம் முத்தம்மா அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சில நாள் கழித்து டப்பாவில் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தார்.

"பவுலினம்மா, தலைகீழா நட்டிருக்கீங்க."

"ஐயோ அண்ணே! எடுத்துத் திருப்பிடட்டா?"

"வேர் விட்டுடுச்சு. தொட்டா அறுந்துடும். இனி அதும்பாடு. வந்தா விதை இருக்கு, வரலன்னா இதோட முடிஞ்சது."

திட்டியிருந்தால் தேவலை. பவுலின் அதன் பிறகு துவைத்த துணியையே மறுபடி துவைத்துக் காயப்போடும் சாக்கில் தினமும் மாடி ஏறினாள். மண் மண்ணாகவே இருந்தது.

ஒரு காலையில் டப்பாவின் ஓரத்தில் பச்சையாய் ஊசிமுனை. மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. பவுலின் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். கீழே பார்த்துப் புதைத்த முளை, ஒரு துளி வெளிச்சமில்லாத மண்ணுக்குள்ளே மேல் எது என்று எப்படிக் கண்டுபிடித்தது? ஞாயிறு பிரசங்கத்தில்கூடத் தூங்கிவிடுகிறவள், கால் மரத்துப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் எத்திராஜ் பிடுங்கினார். ஒவ்வொரு பூண்டின் கழுத்தும் குடைப்பிடிபோல வளைந்திருந்தது. கீழே போய், திரும்பி, பல்லைச் சுற்றிக்கொண்டு மேலே வந்த வழி அப்படியே தெரிந்தது. பவுலின் அந்த வளைவை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"சிறுசுதான்" என்றார் எத்திராஜ். "ஆனா விதை நின்னுடுச்சு." இருப்பதில் பெரியதையெல்லாம் பின்னி, பொடிசு கொஞ்சத்தையும் சேர்த்து அவளிடமே நீட்டினார். "உங்க வீட்ல தொங்கட்டும். எங்க வீட்ல இருந்தா முத்தம்மா தர்மம் பண்ணிடுவா."

அன்று மாலை அவள் கணவர் கிளாரன்ஸ் ரசத்துக்கு ஒன்றைப் பறிக்கக் கையை உயர்த்தினார்.

"கைய எடு மேன்!" என்று பவுலின் போட்ட சத்தம் மாடி வீடு வரைக்கும் கேட்டது. "பொடிசு அந்தக் கூடையில இருக்கு. அதைப் போடு."