ஒருமுறை மட்டுமே கேட்கும் கரோக்கிக்காரர்

1

இந்தக் கதை, ஒரு தட்டில் மிஞ்சியிருந்து பிறகு மிஞ்சாமல் போன ஒரு துண்டு கேக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. குறைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. எந்த விருந்திலும் கடைசித் துண்டை இங்கே யாரும் எடுப்பதில்லை. ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் எடுத்துச் செல்வார். அடுத்து வருபவர் மிஞ்சிய பாதியைப் பாதியாக்குவார். விருந்து முடியும்போது தட்டில் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவில் மீதமிருக்கும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

ஆளாளுக்கு வேடமிட்டு வரும் ஹாலோவீன் விருந்தில் சென்ற முறை அது மீதமிருக்கவில்லை. ஏன் என்பதைத்தான் எழுத முயல்கிறேன். மூன்று தொடக்கங்கள் கைவசம் உள்ளன.

முதலாவது: "அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. ஏரியின்மேல் பனிமூட்டம் வெண்பட்டு விரித்தாற்போல்..." (நிறுத்திவிட்டேன். அன்று பனிமூட்டம் இல்லை. தூறல்தான்.)

இரண்டாவது: "விருந்துக்குத் தொழில்முறை டி.ஜே. ஒருவரை அமர்த்துவோர் கவனிக்க வேண்டியவை யாவை எனில்..." (இது கட்டுரை.)

மூன்றாவது: "ஆர்டெல் நைகார்ட் பாட விரும்பினார்." (இதில் எல்லாமே வெளிப்பட்டுவிடுகிறது.)

இவற்றில் பொருத்தமானதை வாசகராகிய தாங்கள் தேர்ந்தெடுத்துத் தருவீர்களா? மிகுந்த உதவியாக இருக்கும்.

வேண்டாமா? சரி. வற்புறுத்துவது முறையல்ல. மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஆர்டெல் நைகார்ட் பாட விரும்பினார்.

அறுபதை நெருங்கும் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மணமான நாளிலிருந்து தேவாலயப் பாடற்குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடிவந்தவர். சென்ற குளிர்காலத்தில் கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் போய், மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் போன குரல் வேறு, வந்த குரல் வேறு. வந்தது மிகவும் தாழ்ந்திருந்தது. கணவர் வெர்லின் அதை முதன்முதலாகக் கேட்டபோது, கொட்டகைக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எண்ணி விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

வசந்தத்தில், பாடற்குழுவை நடத்தும் லவோன் அவரைக் கேட்டார்.

"ஆர்டெல், திரும்ப வந்துடேன். உன் இடம் அப்படியே இருக்கு."

"ஐயோ, இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டா? வேற யாராவது நல்லாப் பாடுறவங்களைப் பாரு."

அடுத்த ஞாயிறு லவோன் மறுபடி கேட்டார். "எனக்காக இடம் பிடிச்சு வெச்சுக்கிட்டு உக்காராத, லவோன்" என்று ஆர்டெல் மறுபடி மறுத்தார். அதற்கடுத்த ஞாயிறு தழும்பை மறைக்கும் நீலக் கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு முன்னதாகவே போய் வாசலருகே நின்றார். லவோன் வந்தார். ஏரியில் உறைந்த பனிக்கட்டி உடைந்துவிட்டதா என்று விசாரித்தார். உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது முறை கேட்கப்படவே இல்லை. நோயிலிருந்து எழுந்தவரை எதற்குத் தொல்லைப்படுத்த வேண்டும் என்று லவோன் எண்ணியிருக்கலாம். எங்கள் ஊரில் மூன்றாவது முறைதான் கணக்கு. 'போதும்' என்று இலைக்கு மேல் குறுக்கே நீட்டும் கையைத் தாண்டிப் பாயசம் ஊற்றிவிட்டுப் போகும் பந்தியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.*

* ஆர்டெல்லின் மனத்தில் இருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதியது. அவர் தமிழ் படிக்காதவர் என்ற துணிவில்.

3

தீயணைப்பு நிலையத்தின் ஹாலோவீன் விருந்துக்குப் பொறுப்பாளர் ஆர்டெல்தான். பல ஆண்டுகளாக வெர்லினின் ஒன்றுவிட்ட சகோதரருடைய பின்னணி இசையுடன் பாட்டின் சொற்களைத் திரையில் காட்டும் கரோக்கி இயந்திரமே பயன்பட்டு வந்தது. அதில் பாட்டு முன்னே போகும். சொற்கள் பின்னே வரும். இந்த ஆண்டு வெளியிலிருந்து ஆள் அமர்த்தலாம் என்றார் ஆர்டெல்.

"டி.ஜே.யா? எதுக்கு?" என்றார் வெர்லின்.

"மெஷின் பழசாயிடுச்சு."

"நாமளுந்தான் பழசாயிட்டோம். ஆளையா மாத்துறாங்க?"

"உன்னை மாத்தலாமான்னு கமிட்டியில கேட்டுச் சொல்றேன்."

டொமினிக் ஃபுஸ்கோ, சுருக்கமாக டோம், என்பவர் நியூ ஜெர்சியில் பிறந்து, மணமுடித்து, துலூத் நகருக்கு வந்து, விருந்துகளில் பாட்டுப் போட்டுப் பாடவைக்கும் டி.ஜே. தொழில் செய்பவர். ஆர்டெல் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எத்தனை பேரு வருவாங்க மேடம்?"

"ஊரே வரும்."

"ஊருன்னா எவ்ளோ பெருசு?"

"அப்படி ஒண்ணும் பெருசு இல்லீங்க." பிறகு ஆர்டெல் கேட்டார். "யாருக்காவது குரல் ரொம்பத் தாழ்ந்து இருந்துச்சுன்னா? சும்மாதான் கேக்கிறேன்."

"ஒரே ஒரு பட்டன் மேடம். சுருதியை எவ்ளோ வேணா இறக்கலாம். தவளை வந்து நின்னாலும் தவளைக்கு ஏத்த மாதிரி வெச்சுக் குடுத்துடுவேன்."

"தவளைக்கா?"

"ஐயோ, பேச்சுக்குச் சொன்னேன் மேடம்."

"இல்லல்ல. தவளைக்கு முடிஞ்சா நல்லதுதான்." அந்தக் கணத்தில்தான் இவரையே அமர்த்துவது என்று அவர் முடிவு செய்தார். "இன்னொண்ணு மிஸ்டர் ஃபுஸ்கோ. எங்க ஊர்க்காரங்க கொஞ்சம் கூச்சப்படுவாங்க. மொதல்ல வேண்டாம்பாங்க."

"கவலையே படாதீங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆள் இல்ல. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட அத்தையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அந்தம்மா மைக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பொண்ணு வீட்டுக்காரங்க இன்னிக்கும் என்னைத் தேடிக்கிட்டிருக்காங்க. அன்னிக்கோட சரி. ஒரு தடவைதான் கேப்பேன். வேண்டாம்னா வேண்டாம்."

"அது ரொம்ப நல்லதுங்க" என்றார் ஆர்டெல்.** தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

இவ்விடத்தில் நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: ["மிஸ்டர் ஃபுஸ்கோ, என்னை மட்டும் மூணு தடவை கேளுங்க" என்றார் ஆர்டெல்.] எழுதிய உடனே அடித்துவிட்டேன். கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதற்காக அல்ல. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் அப்படி ஒரு வாக்கியம் வாயில் வராது. தனக்கு வேண்டும் என்று தானே சொல்வதைவிடத் துலூத் வரை நடந்தே போய்விடுவார்கள்.

 ** அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் ஆர்டெல் ஃபுஸ்கோவை 'நீ' என்று அழைப்பதை என் கை எழுத மறுத்தது. வெர்லினை அவர் 'நீ' என்றது தங்களுக்கு உறுத்தியிருந்தால் மன்னிக்கவும். அந்த வீட்டைப் பார்த்திருந்தால் தாங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

4

தீயணைப்பு வண்டிகளை வெளியே தூறலில் நிறுத்திவிட்டு உள்ளே மேசைகள் போட்டார்கள். டீசல் வாடையும், மாட்டுக்கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷின் மணமும் கலந்திருந்தன. வெர்லின் தன்னார்வத் தீயணைப்பாளர். ஆண்டுதோறும் தம் சொந்தத் தீயணைப்புச் சட்டையிலேயே வருவார். என்ன வேடம் என்று கேட்டால், "தீயணைப்புக்காரன்" என்பார். லவோன் தேனீயாக, தலையில் கம்பிக் கொம்புகளுடன் வந்தார். ஆர்டெல் சோளக்கொல்லைப் பொம்மை. கழுத்துவரை மூடிய சட்டை, கைமடிப்புகளிலிருந்து பிதுங்கும் வைக்கோல்.

டோம் ஃபுஸ்கோ கறுப்புப் போர்வையும் கோரைப்பல்லுமாக இரத்தக்காட்டேரி வேடத்தில் இருந்தார். பேச வேண்டியபோதெல்லாம் பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"யாரு மொதல்ல பாடப் போறீங்க?"

ஊரே தன் காலணியைப் பார்த்தது. அவர் மேசை மேசையாக வந்தார். "பாடுறீங்களா?" "ஐயோ, நான் எதுக்கு." "சரிங்க." "நீங்க?" "மத்தவங்க பாடட்டும்." "சரிங்க." ஆர்டெல்லின் மேசைக்கு வந்தார்.

"நீங்க பாடுறீங்களா மேடம்?"

"நானா? வேற யாரையாவது கேளுங்க."

"சரி மேடம்."

போய்விட்டார். அவர் நின்ற இடத்தையே ஆர்டெல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

(அவர் எந்தப் பாட்டைப் பாட எண்ணியிருந்தார் என்பதை நான் முடிவு செய்யவில்லை. தங்களுக்கு விருப்பமான ஒன்றை இங்கே தாங்களே வைத்துக்கொடுப்பீர்களா? எதுவாயினும் எனக்கு உடன்பாடே. வேண்டாமா? பரவாயில்லை. காலியாகவே இருக்கட்டும்.)

யாரும் பாடாததால் டோம் தாமே பாடத் தொடங்கினார். ஒன்று முடிய இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஊர் கைதட்டியது.

"எப்படி இருக்கு?" என்று லவோன் வெர்லினிடம் கேட்டார்.

"வித்தியாசமா இருக்கு" என்றார் வெர்லின். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது.

ஆர்டெல் ஒரு தட்டில் ஹாட்டிஷ் போட்டு எடுத்துக்கொண்டு டோமிடம் போனார்.

"யாரும் பாட வரலையோ?"

"யாருக்கும் இஷ்டமில்ல மேடம். பரவால்ல. பாட்டுப் பிடிக்காத ஊரும் நாலு இருக்கும்ல."

"இருக்கும்." ஆர்டெல் இயந்திரத்தைப் பார்த்தார். "அந்தப் பட்டன்னு சொன்னீங்களே. அது எது?"

"இதான்." டோம் அழுத்திக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த இசை ஒரு படி இறங்கியது. மறுபடி அழுத்த, மேலும் இறங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆர்டெல்லின் குரல் குடியிருக்கும் இடத்துக்கே வந்து நின்றது. வாயைத் திறந்தால் போதும்.

"நல்ல பட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார்.

5

சமையலறையில் லவோன் நின்றிருந்தார். பூசணிக்காய் கேக்கின் கடைசித் துண்டு அதற்குள் பலர் கைபட்டுப் பெருவிரல் அளவுக்கு வந்திருந்தது. அதையும் பாதியாக்கக் கத்தியை வைத்திருந்தார். ஆர்டெல் துடைக்கும் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த தட்டுகளைத் துடைத்தார்.

டோம் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். லவோனின் கத்திக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை முழுதாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

லவோனின் கத்தி வெறுந்தட்டின்மேல் நின்றது.

"என்னாச்சு?" என்றார் டோம்.

"அது கடைசித் துண்டு" என்றார் லவோன்.

"ஆமா. யாரும் சாப்பிடலையே."

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

"வேணும்னா எடுத்துக்க வேண்டியதுதானேங்க?"

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது. யாராவது மூணு தடவை சொல்லணும்."

"மூணா? எதுக்கு?"

லவோன் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "மொதத் தடவை வேண்டாம்கிறது மரியாதைக்கு. ரெண்டாவது தடவை, கேக்கிறவங்க மனசாரத்தான் கேக்கிறாங்களான்னு பாக்க. மூணாவது தடவை கேட்டாத்தானே ஒருத்தர்..."

அந்த வாக்கியத்தை லவோன் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. கம்பிக் கொம்புகள் ஆடின. அவர் ஆர்டெல்லைப் பார்த்தார். ஆர்டெல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோம் கூடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தாம் ஒவ்வொரு மேசையிலும் சொன்ன "சரிங்க"க்களை நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்தது. "அடக் கடவுளே" என்றார். கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டார்.

"மேடம். இதோட ரெண்டாவது தடவை. பாடுறீங்களா?"

"வேண்டாங்க மிஸ்டர் ஃபுஸ்கோ. மத்தவங்க இருக்காங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டே ஆர்டெல் துணியை மடித்து ஆணியில் மாட்டினார். கைமடிப்பிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். தழும்பு வெளியே தெரிந்தது.

6

முடிவுகள்.

அ. டோம் மூன்றாவது முறை கேட்கிறார். ஆர்டெல் பாடுகிறார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கிறது. (எங்கள் ஊரில் எழுந்து நிற்பது மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு மட்டுமே. நீக்கிவிட்டேன்.)

ஆ. அபாயச் சங்கு ஒலிக்கிறது. எல்லோரும் வேடத்துடன் தீயணைக்க ஓடுகிறார்கள். வெர்லின் மட்டும் தயாராக நிற்கிறார். (வெர்லினுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆர்டெல்லுக்கு அநியாயம்.)

இ. யாரும் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் வெர்லின், "ஹாட்டிஷ் நல்லா இருந்துச்சு" என்கிறார். ஆர்டெல், "ஆமா" என்கிறார். (நடக்கக்கூடியது இதுதான். பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த "ஆமா"வை என்னால் தாங்க முடியவில்லை.)

7

டோம் இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும். ஆனால் அந்த அத்தையின் அழுகை அவர் காதில் இருக்கிறது. லவோனும் இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும். ஆனால் வசந்தத்திலிருந்து இன்றுவரை கேட்காததை இப்போது கேட்பதற்கு வெட்கம் தடுக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நான் யாரையாவது பேசவைத்தால், அது நான் வற்புறுத்தியதாகிவிடும். கேட்டதாகாது.

சமையலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. இயந்திரத்தின் சுருதி இறக்கியபடியே இருக்கிறது. டோம் அதைத் திரும்ப ஏற்றவில்லை. ஆர்டெல் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு, நீலக் கழுத்துத்துணி கட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலருகே நின்றாரே, அதே போல நிற்கிறார்.

மதிப்புக்குரிய வாசகரே, தொடக்கத்தைத் தேர்ந்தெடுக்குமாறு தங்களைக் கேட்டேன். மறுத்தீர்கள். பாட்டைச் சொல்லுமாறு கேட்டேன். மறுத்தீர்கள். நல்ல வளர்ப்பு உள்ளவர் அப்படித்தான் மறுப்பார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஆர்டெல்லிடம் தாங்கள் கேட்கிறீர்களா?