தன் விருப்பப்படி

"உங்க பையனை அஞ்சு நிமிஷம் பாக்கலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று காவல் நிலைய ரைட்டர் தாளை மேசையில் நகர்த்தினார்.

அச்சகத்தில் இருபத்தேழு வருஷமாகப் பிழை திருத்துகிறவள் அவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நோட்டீஸ் ஒட்டியதற்காக, நேற்று மாலை ஆறு மணிக்கு அவள் மகனை நாலு போலீஸ்காரர்கள் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

வக்கீல் போனில் சொல்லியிருந்தார்: "கைது பண்ணினா இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள நீதிபதி முன்னாடி நிறுத்தணும்மா. அரசியல் சட்டமே குடுத்த உரிமை அது. அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க."

தாளைப் படித்தாள். 'என் மகன் இன்று காலை தன் விருப்பபடி விசாரனைக்கு வந்தார்.'

கை தன்னால் பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தேடியது. விருப்பத்துக்கு ஒரு 'ப்' போட்டாள். 'ன'வை 'ண' ஆக்கினாள்.

ரைட்டர் சிரித்தார். "டீச்சரா? நல்லவேளை, நான் உங்ககிட்ட படிக்கல."

"படிச்சிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டீங்க தம்பி."

உள்ளே யாரோ இருமினார்கள். அவன்தான். அவள் எழுந்தேவிட்டாள்.

"போட்டுட்டுப் போய்ப் பாருங்கம்மா. கைதெல்லாம் இல்ல, சும்மா விசாரிக்கிறோம். நாலு நாள்ல விட்டுடுவோம்."

"கைதில்லன்னா இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"அது முடியாது."

"அப்போ இந்த வரியே பிழை."

உட்கார்ந்தாள். 'இன்று காலை' தொடங்கி 'வந்தார்' வரை ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில், 'நேற்று மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து போலீசாரால் இழுத்து வரப்பட்டார்' என்று எழுதி, அச்சகத்துப் பழக்கப்படி கையெழுத்தும் தேதியும் நேரமும் போட்டாள்.

ரைட்டருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வாங்கிய தாளில் 'பெறப்பட்டது' முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, அப்புறம்தான் படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க!"

"திருத்தியிருக்கேன்." அதற்குள் முத்திரை விழுந்த தாளைக் கைபேசியில் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டாள்.

"இனிமே அவனைப் பாக்கவே முடியாது. வெளிய போங்க!"

தெருவில் நின்றபோது வக்கீல் கூப்பிட்டார். "ஸ்டேஷன் முத்திரையே விழுந்திருக்கு, இது போதும்மா, இன்னைக்கே மனு போட்டுடலாம். நேரா கோர்ட்டுக்கு வந்துடுங்க. துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல சார்."

"சரி, நீங்க மட்டுமாவது வாங்க. கிளம்பிட்டீங்களா?"

"வர்றேன். உள்ள அவன் இருமுறது கேக்குது, ஒரே ஒரு நிமிஷம் இந்தச் சுவரோரம் நின்னுட்டு வர்றேன்."